பெட்டியின் மூலையில் என் தையல்

பணம் வேண்டாம் என்று சொல்கிற ஆளை நான் நம்புவதில்லை. எனக்கு வேண்டாம் என்று சொல்பவனைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் கையில் இருக்க வேண்டாம் என்கிறானே, அவனைச் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மகளைக் கடல் தாண்டிக் கட்டிக் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. பேத்தி பிறந்து, குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டாள். நானும் வீட்டுக்காரியும் இப்போதுதான் முதல் தடவையாகப் போகிறோம். டிக்கெட், விசா எல்லாம் மாப்பிள்ளை ஏற்பாடு. நாளை மத்தியானம் விமானம்.

போன வாரம் ஒரு நீலப் பெட்டி வந்தது. அங்கிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவரிடம் மகள் கொடுத்தனுப்பியது. சக்கரம் வைத்த பெரிய பெட்டி, உள்ளே ஒன்றும் இல்லை. கூட ஒரு வாய்ச் சொல் மட்டும் வந்தது.

"பெட்டியை அம்மா அடுக்க வேணாமாம். நீங்களே அடுக்கணுமாம்."

முப்பது வருஷம் லாரி ஓட்டியவன் நான். என் சட்டையைக்கூட நான் மடித்தது கிடையாது. வீட்டுக்காரி வயிறு வலிக்கச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அவளே அடுக்கினாள்.

இன்று காலையில் மாப்பிள்ளை போன் செய்தார். வீட்டுக்காரி போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"மாமா, பணம் கிணம் எதுவும் மாத்தாதீங்க. அங்க மாத்துனா ஏமாத்திடுவாங்க. இங்க நான் இருக்கேன்ல?"

"வழியில ஒரு டீ குடிக்கணும்னா?"

"பிளேன்லயே எல்லாம் குடுப்பாங்க மாமா."

"சரி. அங்க பேசுறதுக்கு ஒரு சிம் கார்டு?"

"எதுக்கு தண்டச் செலவு? என் போன்லயே பேசிக்கலாம்."

"வீட்டு விலாசத்தைச் சொல்லுங்க மாப்பிள்ளை. சின்னவன் எழுதிக்குவான். இறங்குற இடத்துல கேப்பாங்களாம்."

அந்தப் பக்கத்தில் ஒரு பெண் குரல் ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தது. ஆட்கள் நடமாடுகிற சத்தமும் கேட்டது.

"என்ன சத்தம் மாப்பிள்ளை?"

"டிவி மாமா. விலாசம் எல்லாம் உங்களுக்கு எதுக்குத் தலைவலி? வெளியில வந்தா நான் நிக்கப் போறேன்."

"பொண்ணு எங்க?"

"தூங்குறா. ராத்திரி பாப்பா தூங்க விடல." பிறகு, போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்டார். "ஆமா, அந்தப் பெட்டியில அவ என்ன வச்சு அனுப்புனா?"

"காலிப் பெட்டிதான் வந்துச்சு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பெட்டிக்குள்ள பாக்குறதுக்கு என்ன மாப்பிள்ளை இருக்கு? வெறும் காத்து."

சிரித்தார். "அந்தப் பெட்டியையே எடுத்துட்டு வாங்க மாமா. வேற எதையும் மாத்திடாதீங்க."

போனை வைத்ததும் வீட்டுக்காரி என் மேல் பாய்ந்தாள்.

"போலீஸ்காரன் மாதிரி கேக்குறீங்களே! தங்கமான மாப்பிள்ளை. ஒரு பைசா செலவு வைக்காம கூப்பிடுறாரு. நல்லது பண்றவங்களைக் கண்டாலே உங்களுக்கு ஆகாது."

"தங்கத்தையும் உரசிப் பாத்துத்தான் வாங்குவாங்க."

"உரசி உரசியே உங்க ஆயுசு போயிடுச்சு."

அவளோடு வாதாடி நான் ஜெயித்ததில்லை. மகளுக்கு அடுத்துப் பிறந்த சின்னவனைக் கூப்பிட்டேன். அவன் ஒரு கூரியர் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். எங்கள் பயணத்துக்காக லீவு போட்டிருந்தான்.

"கிளம்புடா. பணம் மாத்தணும்."

"மச்சான் வேணாம்னாரேப்பா?"

"அதனாலதான்."

பணம் மாற்றுகிற கடை மருந்துக் கடைக்கு மாடியில். ஆள் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏறலாம், அவ்வளவு குறுகலான படி. மேலே ஒரு கண்ணாடித் தடுப்பு, நடுவில் கை நுழைகிற ஓட்டை. பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட நடு வயது அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒரு பலகை. எங்களிடம் அவர்கள் வாங்கினால் ஒரு விலை, எங்களுக்கு விற்றால் ஒரு விலை.

"பழைய டயர் வியாபாரம் மாதிரி இருக்கே" என்றேன்.

"டயராவது ஓடித் தேயும் சார். இது உங்க பையில சும்மா இருக்கும்போதே தேயும்" என்றார் அந்த அம்மா. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சிரிக்காமல் பேசுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு.

"சின்ன நோட்டா குடும்மா. பெரிய நோட்டை நீட்டுனா தெருவுல இருக்குற கண்ணெல்லாம் நம்ம மேலதான்."

பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்தார். நோட்டுகளை விரித்துக் காட்டி, ஓரம் கிழிந்த ஒன்றைத் தானே எடுத்துப் போட்டுவிட்டு வேறு வைத்தார். "கிழிஞ்சதை அங்க வாங்க மாட்டாங்க" என்றார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸும் அங்கேயே போட்டுக் கொடுப்பார்களாம். சின்னவன் போட்டுவிடலாம் என்றான்.

"அங்க தங்குற விலாசம் சொல்லுங்க."

சின்னவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

"தபால் பெட்டி எண்தான் இருக்கு மேடம்" என்றான்.

"தபால் பெட்டியிலயா தங்கப் போறீங்க? மகள் வீடுன்னு சொன்னீங்க?"

"மக வீடுதான்" என்றேன்.

"எத்தனை வருஷமா இருக்காங்க?"

"மூணு."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். பின்னால் வரிசையில் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். அதை அவர் சட்டை செய்யவில்லை.

"இறங்குன உடனே சொந்தமா ஒரு சிம் வாங்குங்க. அப்புறம், உங்க பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கையில குடுக்காதீங்க. எங்கயோ பதிவு பண்ணணும்னு சொன்னா, நீங்களும் கூடவே போங்க."

"யாரும்மா கேக்கப் போறா?"

"கேக்குறவங்க சொந்தக்காரங்களாத்தான் இருப்பாங்க. இந்தக் கண்ணாடிக்குப் பின்னால ரொம்ப நாளா உக்காந்திருக்கேன் சார்."

பணத்தை வாங்கிக்கொண்டு படி இறங்கினோம்.

வண்டியில் சின்னவனுக்குப் பின்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். நான் எத்தனையோ சரக்கு ஏற்றியிருக்கிறேன். வெங்காய மூட்டைக்குக்கூட இறக்குகிற இடம் எழுதித்தான் கொடுப்பார்கள். கையில் காசில்லை, பேச போன் இல்லை, போகிற இடம் தெரியாது. எங்களை எந்தக் கணக்கில் ஏற்றுகிறார் மாப்பிள்ளை?

"ஏண்டா, உங்க அக்கா உன்கிட்ட கடைசியா தனியா எப்போ பேசுனா?"

"வாராவாரம் பேசுறாளேப்பா."

"தனியான்னு கேட்டேன்."

வண்டி சிக்னலில் நின்றிருந்தது. பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவன் நகரவில்லை.

"ஞாபகம் இல்லப்பா" என்றான்.

எனக்கும் இல்லை. வீடியோவில் வருவாள். பாப்பாவைத்தான் காட்டுவாள். பாப்பாவைத் தாங்கிய கை மட்டும் தெரியும். அந்தக் கை மாதாமாதம் இளைத்துக்கொண்டே வந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டுக்காரி சொன்னாள். மாப்பிள்ளையின் குரல் எப்போதும் பக்கத்தில் எங்கேயோ இருக்கும்.

வீட்டுக்கு வந்து பணத்தைப் பிரித்தேன். என் வழக்கம் இது. லாரிக்காரன் பணத்தை ஒரே இடத்தில் வைக்க மாட்டான். மேல் பையில் இருப்பது திருடனுக்கு. கேட்டால் அதிகம் அழாமல் எடுத்துக் கொடுத்துவிட வேண்டியது. இடுப்பில் இருப்பது செலவுக்கு. மூன்றாவது பங்கு வீடு திரும்ப. அது யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கும்.

என் லாரியில் அந்த இடம் சீட்டின் அடி மூலை. ரெக்ஸினைக் கொஞ்சம் அறுத்து, பணத்தைச் செருகி, தார்ப்பாய் தைக்கிற மெழுகு நூலால் தைத்துவிடுவேன். முடிச்சை உள்பக்கம் தள்ளி, நுனியைத் தீக்குச்சியால் சுட்டுவிட வேண்டும். சுட்ட நுனி அவிழாது. பொடிப் பெண்ணாக இருந்தபோது என் மகள்தான் நூலைப் பிடித்துக்கொள்வாள். பிறகு அவளே தைக்கக் கற்றுக்கொண்டாள். என்னைவிட நன்றாகத் தைப்பாள்.

நீலப் பெட்டியைத் திறந்தேன். வீட்டுக்காரி அழகாக அடுக்கி வைத்ததை எல்லாம் எடுத்துக் கட்டில் மேல் போட்டேன்.

"அடப் பாவி மனுஷா! ரெண்டு நாளா அடுக்குனேன்!"

"இரு. ஒரு வேலை இருக்கு."

உள்துணியின் அடி மூலையைத் தடவினேன். நகத்தில் ஏதோ மாட்டியது. பெட்டியைச் சன்னல் பக்கம் இழுத்துப் பார்த்தேன்.

நீலத் துணி. கறுப்பு மெழுகு நூல். நெருக்கமான தையல். முடிச்சு வெளியே இல்லை. நூலின் நுனி சுடப்பட்டிருந்தது.

என் இடத்தில் எனக்கு முன்னால் ஒருத்தி வந்து போயிருந்தாள்.

பிளேடை எடுத்து அறுத்தேன். விரலை விட்டு இழுத்ததும் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் பேத்தியின் படம். பல் இல்லாத வாயைத் திறந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள். சின்னவனிடம் கொடுத்தேன்.

"பாப்பாவோட பாஸ்போர்ட்" என்றான்.

"மறந்து வச்சுட்டாளா?" என்றாள் வீட்டுக்காரி.

"தச்சு வச்சுட்டு மறப்பாளா?"

அவள் கையில் பாப்பாவுக்காக வாங்கிய சின்னச் சட்டை இருந்தது. அதை மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"இது இல்லாம என்ன ஆகும்டா?" என்றேன்.

"பாப்பாவை அந்த நாட்டை விட்டு யாரும் வெளிய கொண்டு போக முடியாதுப்பா. மச்சானும் முடியாது. அக்காவும் முடியாது."

"வேற புதுசா வாங்க முடியாதா?"

"வாங்கலாம். தொலைஞ்சதுன்னு எழுதிக் குடுக்கணும். நாள் ஆகும். ரெண்டு பேர் கையெழுத்தும் கேப்பாங்கன்னு நினைக்கிறேன்."

அப்படியென்றால் மாப்பிள்ளை பிள்ளையை எங்கேயோ கொண்டுபோகப் பார்க்கிறார். அதைத் தடுக்க மகள் இதைப் பெட்டியில் தைத்து என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறாள். பிள்ளையை விட்டுவிட்டு அவள் வர மாட்டாள். அவரைக் கட்டிப்போட, தன் காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

அப்பாவே அடுக்கட்டும் என்றாளே. நான் ஒரு வாரமாகப் பெட்டியைத் தொடாமல் இருந்தேன்.

சின்னவன் மகளின் நம்பருக்கு அடித்தான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் அடித்தான். அதே பதில்தான்.

"போக வேணாம்ப்பா. இங்க இருந்தே யார்கிட்டயாவது புகார் பண்ணுவோம்."

"எந்த வீட்டுல இருக்கான்னு சொல்லுவ? தபால் பெட்டியிலன்னா?"

வீட்டுக்காரி சட்டையைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து தங்கம், தங்கம் என்று பாடிய வாய் அது.

"நான் போறேன்" என்றாள். "நீங்க வந்தாலும் சரி, வரலன்னாலும் சரி. எனக்கு டிக்கெட் இருக்கு."

"நான் வரலன்னு சொன்னேனா?"

"அப்ப அந்தப் புத்தகத்தை என்ன பண்றது?"

நான் அதற்குள் பீரோவைத் திறந்து என் பழைய லாரி லைசென்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து லைசென்ஸ், புத்தகம் மாதிரி இருக்கும். கிட்டத்தட்ட அதே அளவு, அதே கனம். அட்டை கொஞ்சம் கறை படிந்திருந்தது. அதைப் பெட்டியின் மூலையில் செருகினேன். அதே மாதிரி தைத்தேன். முடிச்சை உள்ளே தள்ளி, நுனியைச் சுட்டேன். தையல் என்னுடையதுதானே, வித்தியாசம் தெரியாது.

"எதுக்குப்பா இது?"

"பெட்டியில என்ன இருக்குன்னு காலையில கேட்டவரு, எப்பவாவது திறந்து பாப்பாருல்ல? பாக்கும்போது என் மூஞ்சி தெரியட்டும்."

சின்னவன் சிரித்துவிட்டான். இன்று இந்த வீட்டில் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

பாப்பாவின் பாஸ்போர்ட்டை எங்கே வைத்தேன் என்பதை வீட்டுக்காரியிடமும் சொல்லவில்லை, சின்னவனிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்வதாக இல்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சாயங்காலம், விளக்குப் போடுகிற நேரம். வாசல் மணி அடித்தது. சின்னவன் போய்க் கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றான்.

"என்ன மச்சான், உள்ள விட மாட்டியா?"

மாப்பிள்ளை. தோளில் ஒரு சின்னப் பை மட்டும். சட்டை கசங்கவில்லை. காலையில் நான் போனில் கேட்டது டிவி இல்லை, விமான நிலையம்.

"வயசானவங்க நீங்க, முதல் தடவை வர்றீங்க. வழியில சிரமப்படக் கூடாதுன்னு நானே கூட்டிட்டுப் போக வந்துட்டேன். நாளைக்கு அதே பிளேன்லதான் எனக்கும் டிக்கெட்" என்றார். மரியாதை பழகிப்போய்விட்டது, அதனால்தான் இன்னும் 'அவர்' என்றே சொல்கிறேன்.

வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கை நிலையாக இருந்தது. முப்பத்தைந்து வருஷமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறேன், இவ்வளவு அழுத்தம் அவளிடம் இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அவ தனியா இருப்பாளே தம்பி? கைக்குழந்தையோட?"

"ஒரு ராத்திரிதானே அத்தை. சாப்பாடு எல்லாம் வாங்கி வச்சுட்டுத்தான் வந்தேன்."

"போன் அடிச்சோம். எடுக்கலயே?"

"போன் ரிப்பேர். கடையில குடுத்திருக்கேன்."

தண்ணீரைக் குடித்தார். பாக்கெட்டில் ஏதோ குத்துகிறது என்பது போல் நெளிந்து, கையை விட்டு ஒரு சாவிக் கொத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். பெரிய சாவி ஒன்று, சின்னது இரண்டு.

"காலம் கெட்டுக் கிடக்கு பாருங்க. அதனால வெளிப்பக்கமாப் பூட்டிட்டு வந்துட்டேன். யாரும் உள்ள போக முடியாது. பயமே இல்ல. நாளைக்கு நாமதானே போய்த் திறக்கப் போறோம்?"

எங்கள் வீட்டு மேசையில் என் மகளுடைய வீட்டுச் சாவி இருந்தது. அந்த வீடு எங்கே இருக்கிறது என்று இந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும்.

"நாளைக்குக் கட்டாயம் போவோம் மாப்பிள்ளை" என்றேன்.

"பெட்டி எல்லாம் ரெடியா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து அறைக்குள் போனார். நாங்களும் பின்னால் போனோம். நீலப் பெட்டி கட்டில் மேல் திறந்தே கிடந்தது. துணிகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். உள்துணி மேல் விரல்களை ஓட்டினார். மேல் மூலை, பக்கவாட்டு, அடி. அவசரமே இல்லாமல், உடம்பில் எங்கே வலிக்கிறது என்று டாக்டர் தேடுகிற மாதிரி.

அடி மூலையில் விரல் நின்றது. ஒரு தரம் அழுத்திப் பார்த்தார்.

"அத்தை" என்றார். குரலில் அதே இனிப்பு. "வீட்டுல கத்தரிக்கோல் இருக்குமா?"

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான்தான் போய் எடுத்து வந்தேன். பிடிப் பக்கத்தை அவரிடம் திருப்பி நீட்டினேன்.

பெட்டி மேல் நன்றாகக் குனிந்து, ஒரு கையால் துணியை இழுத்துப் பிடித்து, மறு கையால் என் தையலை அறுக்க ஆரம்பித்தார். மெழுகு நூல், சீக்கிரம் அறுபடாது.

அவருடைய இரண்டு கையும் பெட்டியில் இருந்தது. சாவி, கூடத்து மேசை மேல் இருந்தது. சின்னவன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்து மேசைப் பக்கம் கண்ணைக் காட்டினேன்.